ஒரே தராசில் இரண்டு ஆய்வுகள்: அறிவியல் முடிவையும் இலக்கிய முடிவையும் எப்படிச் சோதிக்கிறார்கள்?

ஆய்வு பற்றிய செய்திகள் பெரும்பாலும் மூன்று விதமாக வருகின்றன. "புதிய ஆய்வில் கண்டுபிடிப்பு" என்பது ஒன்று. "பிரபல ஆய்விதழ் கட்டுரையைத் திரும்பப் பெற்றது" என்பது இன்னொன்று. "இவருடைய கட்டுரைகளுக்கு இத்தனை ஆயிரம் மேற்கோள்கள்" என்பது மூன்றாவது. இவற்றைத் தொடர்ந்து படிப்பவர்கள் இரண்டு முடிவுகளுக்கு வந்துவிடுகிறார்கள்: அறிவியல்காரர்கள் இன்று ஒன்று, நாளை ஒன்று சொல்வார்கள், இலக்கிய ஆய்வு என்பது அவரவர் அபிப்பிராயம். இரண்டுமே சரியில்லை. ஆனால் ஏன் சரியில்லை என்று பார்க்க, ஒரு கூற்றை இந்தத் துறைகள் எப்படிச் சோதிக்கின்றன என்பதிலிருந்து தொடங்க வேண்டும். அந்த வேறுபாடு தெரிந்தால், இரண்டையும் ஒரே எண்ணால் அளப்பதில் என்ன கோளாறு என்பதும் விளங்கும்.

முதலில் சில சொற்கள்

1. ஆய்விதழ்: ஆய்வாளர்கள் தங்கள் முடிவுகளைச் சக ஆய்வாளர்களுக்கு அறிவிக்கும் இதழ். 1665-இல் பாரிசிலும் லண்டனிலும் இரண்டு மாத இடைவெளியில் இந்த வகை தொடங்கியது. லண்டனில் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்தைச் சார்ந்து பிறந்த 'ஃபிலாசஃபிக்கல் டிரான்சாக்‌ஷன்ஸ்' இன்றும் வந்துகொண்டிருக்கிறது.

2. சக மதிப்பாய்வு: பியர் ரிவ்யூ என்று சொல்வார்களே, அதுதான். கட்டுரையை வெளியிடும் முன் அதே துறையில் இருக்கும் இரண்டு மூன்று பேரிடம் கொடுத்துக் கருத்துக் கேட்பது.

3. மேற்கோள்: ஒரு கட்டுரை இன்னொரு கட்டுரையைத் தன் அடிக்குறிப்பிலோ துணைநூல் பட்டியலிலோ காட்டுவது. பாராட்டினாலும் மேற்கோள்தான், "இது தவறு" என்று மறுத்தாலும் மேற்கோள்தான். எண்ணும் இயந்திரத்துக்கு இரண்டும் ஒன்று.

4. திரும்பப் பெறுதல்: வெளியான கட்டுரையை இனி நம்ப வேண்டாம் என்று இதழே அறிவிப்பது. கட்டுரை அழிக்கப்படுவதில்லை, அதன் மேல் அந்த முத்திரை விழுகிறது.

5. மூலபாடமும் பாடபேதமும்: ஆசிரியர் எழுதியதாக நாம் தேடும் வடிவம் மூலபாடம். பிரதிக்குப் பிரதி மாறுபடும் சொற்கள் பாடபேதம்.

அறிவியல் சான்று: ஒரு கேபிள் செய்த வேலை

2011 செப்டம்பரில் ஓபரா என்ற இயற்பியல் குழு ஓர் அறிவிப்பு செய்தது. ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வகத்திலிருந்து இத்தாலியின் கிரான் சாசோ மலைக்கு அடியில் உள்ள ஆய்வகத்துக்கு, சுமார் 730 கிலோமீட்டர் தூரம், நியூட்ரினோ என்ற நுண்துகள்கள் பூமிக்குள்ளேயே பயணம் செய்கின்றன. ஒளி அந்தத் தூரத்தைக் கடக்க எடுக்கும் நேரத்தைவிட அவை சுமார் 60 நானோ விநாடி முன்னதாகவே வந்துசேர்கின்றன என்றது குழு. ஒரு நானோ விநாடி என்பது ஒரு விநாடியின் நூறு கோடியில் ஒரு பங்கு. 60 நானோ விநாடியில் ஒளி 18 மீட்டர்தான் போகும். ஆனாலும் ஒளியை எதுவும் முந்த முடியாது என்பது நவீன இயற்பியலின் அடித்தளம். செய்தி உலகம் முழுக்கப் பறந்தது.

இந்த முடிவு மூன்று வழிகளில் சோதிக்கப்பட்டது. அறிவியல் சோதனை என்றால் என்ன என்பதை இதைவிட நன்றாகக் காட்டும் நிகழ்ச்சி அரிது என்பதால் ஒவ்வொன்றையும் பார்ப்போம்.

1. தற்செயலா? குழு மூன்றாண்டுத் தரவை வைத்திருந்தது. இவ்வளவு பெரிய வித்தியாசம் வெறும் தற்செயலால் வர வாய்ப்பு மிக மிகக் குறைவு என்று புள்ளியியல் காட்டியது. அதில் தவறில்லை. ஆனால் தற்செயல் பிழை வேறு, முறைப் பிழை வேறு. கடிகாரமே தவறாக ஓடினால் ஆயிரம் முறை பார்த்தாலும் அதே தவறான நேரம்தான் தெரியும். தரவைக் கூட்டினால் முதல் வகைப் பிழை குறையும், இரண்டாவது அப்படியே இருக்கும். "புள்ளியியல்படி உறுதி" என்று செய்தியில் வரும் சொற்றொடர் முதல் வகையைப் பற்றி மட்டுமே பேசுகிறது.

2. மற்ற உண்மைகளோடு ஒத்துப்போகிறதா? 1987-இல் அண்டை விண்மீன் மண்டலம் ஒன்றில் ஒரு விண்மீன் வெடித்தது. அது சுமார் 1,68,000 ஒளியாண்டு தொலைவு. அதிலிருந்து புறப்பட்ட நியூட்ரினோக்கள் ஒளிக்கு ஏறக்குறைய மூன்று மணி நேரம் முன்னால் வந்தன. அந்த மூன்று மணி நேரத்துக்கும் காரணம் தெரியும்: நியூட்ரினோ உடனே வெளியேறிவிடும், ஒளி வெடிப்பின் அதிர்வு விண்மீனின் மேற்பரப்பை எட்டும்வரை காத்திருக்க வேண்டும். ஓபரா சொன்ன வேகம் உண்மையானால் அந்த நியூட்ரினோக்கள் நான்கு ஆண்டுகளுக்கு மேல் முன்னதாக வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்த நியூட்ரினோக்களின் ஆற்றல் வேறு என்று இதற்கு ஒரு சமாதானம் சொல்ல முடிந்தது. ஆனாலும் இயற்பியலாளர்கள் பலர் முதல் நாளே சந்தேகப்பட்டதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

3. வேறொருவர் அளந்தால்? அதே மலைக்கு அடியில் இருந்த இக்காரஸ் என்ற வேறொரு கருவி 2012-இல் அதே துகள்களை அளந்தது. ஒளியை முந்தவில்லை.

நடந்தது என்ன என்பது 2012 பிப்ரவரியில் தெரிந்தது. ஜிபிஎஸ் நேரத்தைக் கருவிக்குக் கொண்டுவரும் ஒளியிழைக் கேபிளின் இணைப்பு சரியாகப் பொருந்தவில்லை. அதனால் நேரக் கணக்கில் தாமதம் புகுந்துவிட்டது. கடிகாரத்தில் இன்னொரு சிறு பிழையும் எதிர்த்திசையில் இருந்தது. இரண்டையும் சரிசெய்ததும் அதிசயம் மறைந்தது.

இதை ஓர் அவமானமாகவே அப்போது பலர் எழுதினார்கள். உண்மையில் ஆய்வு ஒழுங்காக நடந்ததற்கு இது நல்ல உதாரணம். குழு தன் முறையையும் கணக்கையும் முழுக்க வெளியிட்டு, எங்கே தவறு என்று காட்டுங்கள் என்று மற்றவர்களைக் கேட்டுக்கொண்டது. ஆறே மாதத்தில் விடை கிடைத்தது. "ஒளியை மிஞ்சிய துகள்" என்று முதல் நாள் போட்ட தலைப்புகளில்தான் குழு வைத்த கேள்விக்குறி காணாமல் போயிருந்தது.

இலக்கிய ஆய்வில் சான்று எங்கே இருக்கிறது?

இலக்கிய ஆய்வு என்றதும் கவிதைக்குப் பொருள் சொல்வது மட்டும்தான் நினைவுக்கு வரும். அதில் நான்கு வேறுவேறு கேள்விகள் இருக்கின்றன: இந்த நூலின் சொற்கள் உண்மையில் எவை? எழுதியது யார், எப்போது? இதன் பொருள் என்ன? வெவ்வேறு காலத்தவர் இதை எப்படி வாசித்தார்கள்? முதல் இரண்டுக்கும் கிடைக்கும் விடை சரியா தவறா என்று பல சமயம் தீர்த்துச் சொல்லிவிடலாம். மூன்றாவதில்தான் கருத்து வேறுபாடு நீடிக்கும்.

முதல் கேள்வியையே எடுத்துக்கொள்வோம். பழைய தமிழ் ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. எகரம் ஏகாரம், ஒகரம் ஓகாரம் என்ற குறில் நெடில் வேறுபாடு தெரியாது. துணைக்காலும் ரகரமும் ஒரே மாதிரி இருக்கும். ஆகவே ஏட்டில் "கொள" என்று தெரிவதைக் கொள், கோள், கொள, கோள என்று எப்படியும் படிக்கலாம். சரபம் என்ற எட்டுக்கால் விலங்கும் சாபம் என்ற சொல்லும் ஏட்டில் ஒன்றுதான். 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சிட்ட உ.வே. சாமிநாதையர் போன்ற பதிப்பாசிரியர்கள் மோதிக்கொண்டிருந்தது இந்த மாதிரிக் குழப்பங்களோடுதான்.

சரி, சரபமா சாபமா என்பதை எப்படி முடிவு செய்வது? விருப்பத்துக்கு விட்ட விஷயமா? இல்லை. பாடல் வெண்பா என்று வைத்துக்கொள்வோம். சரபம் என்பது நிரையசையில் தொடங்குகிறது. சாபம் நேரசையில் தொடங்குகிறது. வெண்பாவில் மாச்சீருக்குப் பின் நிரைதான் வர வேண்டும். முந்தைய சீர் தேமாவாகவோ புளிமாவாகவோ இருந்தால் அங்கே சாபம் நிற்க முடியாது, தளை தட்டும், அதாவது சீர்களின் இணைப்பு கெடும். முந்தைய சீர் காயில் முடிந்தால் நிலைமை தலைகீழ்: சாபம் நிற்கும், சரபம் விழும். ஏட்டைப் பார்க்காமலே, யாப்பு தெரிந்த யாரும் இந்தச் சோதனையைத் திரும்பச் செய்து அதே விடைக்கு வரலாம். ஆய்வகத்தில் மறுசோதனை என்று சொல்வதற்கு இது நெருங்கிய உறவு. யாப்பு இரண்டுக்கும் இடம் கொடுத்தால் உரையாசிரியர் எந்தச் சொல்லுக்குப் பொருள் சொல்லியிருக்கிறார், அதே நூலில் வேறு எங்கே இந்தச் சொல் வருகிறது, வேறு ஏட்டில் என்ன இருக்கிறது என்று அடுத்தடுத்த சான்றுகளுக்குப் போவார்கள்.

ஏடுகளை எண்ணுவதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. பத்துச் சுவடிகளில் எட்டில் ஒரு சொல், இரண்டில் வேறு சொல் என்றால் எட்டின் பக்கம் சாய்வது இயல்பு. ஆனால் அந்த எட்டும் ஒரே தாய்ப் பிரதியைப் பார்த்து எழுதியவை என்றால் அவை ஒரே சாட்சிதான். இதைக் கண்டுபிடிக்க, பல பிரதிகள் பகிர்ந்துகொள்ளும் பிழைகளைப் பார்க்கிறார்கள். சரியான சொல் எங்கும் இருக்கலாம். ஒரே அசட்டுப் பிழை மூன்று பிரதிகளில் இருந்தால் மூன்றும் ஒரு குடும்பம். 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய அறிஞர் கார்ல் லாக்மனின் பெயரோடு இந்த முறை நிலைபெற்றது. உயிரியலாளர்கள் உயிரினங்களின் வம்சாவளியை வரைவதும் இதே தர்க்கத்தில்தான்: பகிர்ந்துகொள்ளும் மாற்றங்களை வைத்துக் கிளை பிரிப்பது. 1998-இல் இடைக்கால ஆங்கிலக் கவிஞர் சாசரின் 'கேன்டர்பரி டேல்ஸ்' நூலின் ஒரு பகுதிக்குக் கிடைத்த 58 சுவடிகளை உயிரியல் வம்சாவளி மென்பொருளில் போட்டுப் பார்த்த ஆய்வு 'நேச்சர்' என்ற அறிவியல் இதழிலேயே வெளியானது.

இரண்டாவது கேள்விக்குப் பழைய உதாரணம் 1440-இல் நடந்தது. ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் மேற்கு நாடுகளின் ஆட்சியைப் போப்பாண்டவருக்கு எழுதிக்கொடுத்ததாக ஓர் ஆவணம் இருந்தது. லொரென்சோ வல்லா என்ற அறிஞர் அதன் லத்தீனைப் பிரித்துக் காட்டினார். நான்காம் நூற்றாண்டு ரோமில் வழங்காத சொற்களும், அந்தக் காலத்து ரோம அதிகாரிகளுக்குப் பொருந்தாத "சத்ரப்" என்ற பதவிப் பெயரும் அதில் இருந்தன. ஆவணம் போலி என்பது அவர் முடிவு. இன்றுவரை யாராலும் அதை அசைக்க முடியவில்லை.

மூன்றாவது கேள்வியான பொருள்கோளுக்கு வந்தால் சோதனை தளர்கிறது, ஆனால் காணாமல் போவதில்லை. ஒரு விளக்கம் நூலின் சில வரிகளுக்கு மட்டும் பொருந்தி மற்றவற்றோடு முரண்பட்டால் அது பலவீனமானது. அந்தச் சொல்லுக்கு அந்தக் காலத்தில் இல்லாத பொருளை ஏற்றினால் அது விழுந்துவிடும். எந்த நூலுக்கும் இதே விளக்கத்தை ஒட்டவைக்க முடியும் என்றால் அது இந்த நூலைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. இத்தனைக்குப் பிறகும் ஒன்றுக்கு மேற்பட்ட விளக்கங்கள் மிஞ்சலாம். அது குறை என்று தோன்றுவதற்குக் காரணம், நாம் இயற்பியலை மனத்தில் வைத்துக்கொண்டு பார்ப்பதுதான்.

இரண்டு முறைகளும் சந்திக்கும்போது

அமெரிக்க அரசியல் சட்டத்தை ஆதரித்து 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் புனைபெயரில் வெளிவந்த 85 கட்டுரைகளில் 12 கட்டுரைகளை எழுதியது ஹாமில்டனா மேடிசனா என்ற தகராறு நெடுநாள் இருந்தது. மோஸ்டெல்லர், வாலஸ் என்ற இரண்டு புள்ளியியலாளர்கள் 1964-இல் வெளியிட்ட ஆய்வில், கருத்தைப் பார்க்காமல் ஆங்கில இடைச்சொற்களை எண்ணினார்கள். 'அப்பான்' (upon) என்ற சொல்லை ஹாமில்டன் தாராளமாகப் பயன்படுத்துவார். மேடிசன் அரிதாகத்தான் பயன்படுத்துவார். இப்படிப் பல சின்னச் சொற்களைச் சேர்த்துப் பார்த்ததில் 12-ம் மேடிசன் பக்கமே சாய்ந்தன. வரலாற்றாசிரியர்கள் பலரும் வேறு வழியில் அதே முடிவுக்கு வந்திருந்தார்கள் என்பதுதான் இதற்குப் பலம்.

எண்ணிக்கை இருந்தாலே உண்மை என்று நினைத்துவிட வேண்டாம். 1612-இல் 'டபிள்யூ. எஸ்.' என்ற எழுத்துகளோடு வெளியான ஓர் இரங்கற்பாவை ஷேக்ஸ்பியர் எழுதியிருக்கலாம் என்று டான் ஃபாஸ்டர் என்ற பேராசிரியர் 1989-இல் எழுதினார். பிறகு கணினியில் சொற்களை ஒப்பிட்டு, அவர்தான் என்று 1990-களில் அழுத்திச் சொன்னார். ஷேக்ஸ்பியர் தொகுப்புகளிலும் அந்தப் பாடல் ஏறிவிட்டது. 2002-இல் வேறொரு அறிஞர் பாடலை வரிவரியாக ஒப்பிட்டு, இது ஜான் ஃபோர்டு என்ற நாடகாசிரியரின் நடை என்று காட்டினார். ஃபாஸ்டர் அதை ஒப்புக்கொண்டார். ஒப்பிட வேண்டிய ஆசிரியர் பட்டியலில் சரியான ஆள் சரியாக எடைபோடப்படாவிட்டால் எவ்வளவு நல்ல கணக்கும் தவறான வாசலில்தான் கொண்டுபோய் நிறுத்தும்.

இப்போது பேசப்படும் ஹெர்குலேனியம் சுருள்கள் இந்தச் சந்திப்பின் அண்மைய உதாரணம். இத்தாலியின் ஹெர்குலேனியம் என்ற பழைய ஊரில் கி.பி. 79-இல் வெசுவியஸ் எரிமலையால் கரியாகிப்போன பாப்பிரஸ் (நாணல் தாள்) சுருள்கள் அவை. பிரித்தால் பொடிந்துவிடும். எக்ஸ்ரே கதிரால் உள்ளே படம்பிடித்து, கணினியில் விரித்து, மை இருக்கும் இடத்தைக் கற்றல் மென்பொருளால் கண்டுபிடிக்கிறார்கள். 2023-இல் முதலில் தெளிவாகத் தெரிந்த சொல் 'செந்நீலம்' என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல். இங்கே ஒரு நியாயமான சந்தேகம் எழும்: மென்பொருள் தானாகவே எழுத்துகளைக் கற்பனை செய்துவிட்டால்? அதைத் தடுக்க, மென்பொருளுக்குக் கிரேக்க எழுத்தே சொல்லித்தரப்படவில்லை. மிகச் சிறிய பரப்பைப் பார்த்து, இங்கே மை இருக்கிறதா இல்லையா என்று மட்டும் அது சொல்லும். அந்தப் புள்ளிகள் சேர்ந்து எழுத்தாகத் தெரிந்தால் படிக்கவேண்டியது பாப்பிரஸ் அறிஞர்களின் வேலை. 2024 பிப்ரவரியில் பல பத்திகள் படிக்கப்பட்டன. இன்பத்தைப் பற்றிய எபிக்யூரஸ் என்ற கிரேக்கத் தத்துவஞானியின் மரபைச் சேர்ந்த நூல் அது என்று சொன்னது இயந்திரம் அல்ல, அந்த மரபைப் படித்தவர்கள்.

மதிப்பாய்வு எதைப் பிடிக்கும், எதை விட்டுவிடும்

"சக மதிப்பாய்வு முடிந்த கட்டுரை" என்பதை ஐஎஸ்ஐ முத்திரை போலச் செய்திகள் சொல்கின்றன. மதிப்பாய்வாளர் சோதனையைத் திரும்பச் செய்வதில்லை. ஆசிரியர் கொடுத்ததைப் படித்து, தர்க்கத்தில் ஓட்டை உண்டா, முந்தைய ஆய்வுகளைக் கணக்கில் எடுத்திருக்கிறாரா, முடிவு தரவைத் தாண்டிப் போகிறதா என்று பார்க்கிறார். பெரும்பாலும் சம்பளமில்லாத வேலை. நேர்மையான பிழையை ஓரளவு பிடிக்கும். திட்டமிட்ட மோசடியைப் பிடிக்க அது உருவாக்கப்படவே இல்லை.

அது நாம் நினைக்கிற அளவு பழையதும் அல்ல. 'நேச்சர்' இதழ் எல்லாக் கட்டுரைகளுக்கும் வெளி மதிப்பாய்வைக் கட்டாயமாக்கியது 1973-இல்தான். 1936-இல் ஓர் அமெரிக்க இதழ் தன் கட்டுரையை மதிப்பாய்வுக்கு அனுப்பியதற்காகக் கோபித்துக்கொண்டு ஐன்ஸ்டைன் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டார். மதிப்பாய்வாளர் சொன்ன குறை சரியானது என்பது பிறகு தெரிந்தது. கட்டுரை வேறொரு இதழில் வந்தபோது முடிவு மாறியிருந்தது.

அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வேலை செய்த ஹெண்ட்ரிக் ஷோன் என்ற இளம் இயற்பியலாளர் 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் முன்னணி இதழ்களில் வரிசையாக எழுதினார். எல்லாம் மதிப்பாய்வைத் தாண்டியவை. மாட்டிக்கொண்டது எப்படி? வேறுவேறு சோதனைகளின் வரைபடங்களில் இரைச்சல் ஒரே மாதிரி இருந்தது. இரைச்சல் என்பது கருவியின் தற்செயல் நடுக்கம். இரண்டு முறை ஒரே மாதிரி வரவே கூடாது. கவனித்தது மதிப்பாய்வாளர்கள் இல்லை, வெளியான பிறகு படித்தவர்கள். 2002-இல் விசாரணைக்குழு 24 குற்றச்சாட்டுகளில் 16-இல் முறைகேடு நடந்ததாக முடிவு செய்தது.

திரும்பப் பெறுதல் ஏன் ஒரு பக்கம் மட்டும் நடக்கிறது?

அறிவியலில் ஒரு கட்டுரை மேல் இன்னொன்று ஏறி நிற்கிறது. தவறான மருத்துவக் கட்டுரை சிகிச்சைக்குள்ளேயே போய்விடலாம். அதனால் முத்திரை குத்தி விலக்கும் ஏற்பாடு தேவைப்படுகிறது. அது வேகமாக நடக்கும் என்று சொல்ல முடியாது. தட்டம்மை உள்ளிட்ட மூன்று நோய்களுக்கான எம்எம்ஆர் தடுப்பூசியை ஆட்டிசத்தோடு தொடர்புபடுத்திய ஆண்ட்ரூ வேக்ஃபீல்டின் கட்டுரை 1998-இல் 'லான்செட்' என்ற மருத்துவ இதழில் வந்தது. அதில் இருந்தவர்கள் 12 குழந்தைகள். இதழ் அதை முழுமையாகத் திரும்பப் பெற்றது 2010-இல்.

இலக்கிய ஆய்வில் கருத்துத் திருட்டு, போலி ஆவணம் போன்றவற்றுக்குத் திரும்பப் பெறுதல் உண்டு. தோற்றுப்போன விளக்கத்துக்குக் கிடையாது. ஃபாஸ்டரின் 1989 நூல் நூலகங்களில் அப்படியே இருக்கிறது. அடுத்து எழுதுபவர் அடிக்குறிப்பில் "இது ஏற்கப்படவில்லை" என்று போடுவார். பழைய பதிப்பின் தவறான பாடத்தையும் புதிய பதிப்பாசிரியர் பாடபேதப் பட்டியலில் பாதுகாக்கிறார், ஏனென்றால் நாளை அதுவே சரியென்று ஆகலாம். ஆகவே "அறிவியலில் இத்தனை கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன, கலைத் துறைகளில் சொற்பம்" என்ற ஒப்பீட்டிலிருந்து எந்தத் துறை நேர்மையானது என்று கண்டுபிடிக்க முடியாது.

எண் எங்கிருந்து வந்தது

யூஜின் கார்ஃபீல்டு என்ற தகவலியலாளர் 1955-இல் ஒரு யோசனை சொன்னார்: எந்தக் கட்டுரை எந்தக் கட்டுரையைக் காட்டுகிறது என்று பட்டியலிட்டால், ஒரு கருத்து பின்னால் என்ன ஆனது என்று தேடலாம். 1964-இல் அறிவியல் மேற்கோள் அட்டவணை வந்தது. அதிலிருந்து பிறந்ததுதான் இம்பாக்ட் ஃபேக்டர். கணக்கு எளிது. ஓர் இதழ் இரண்டு ஆண்டுகளில் 200 கட்டுரைகள் வெளியிட்டது. அடுத்த ஆண்டில் அவற்றை 600 முறை மற்றவர்கள் மேற்கோள் காட்டினார்கள் என்றால் 600-ஐ 200-ஆல் வகுத்தால் 3. அவ்வளவுதான். எந்த இதழ் வாங்குவது என்று தவிக்கும் நூலகருக்கு இது உதவியான கருவி.

2005-இல் இயற்பியலாளர் ஜோர்ஜ் ஹிர்ஷ் தனி ஆளுக்கு எச்-இன்டெக்ஸ் என்ற எண்ணைக் கொண்டுவந்தார். உங்களுடைய 20 கட்டுரைகள் ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 20 மேற்கோள் இருந்தால் உங்கள் எண் 20. பதவி உயர்வும் நிதியும் இந்த எண்களைப் பார்த்துக் கொடுக்கப்படத் தொடங்கியபோதுதான் தொல்லை ஆரம்பித்தது. இலக்கியத்தில் அவை ஏன் பொருந்தவில்லை என்று பார்க்கலாம்.

1. காலம். இம்பாக்ட் ஃபேக்டரின் ஜன்னல் இரண்டு ஆண்டு. ஒரு செம்பதிப்பை (சுவடிகளை ஒப்பிட்டுப் பாடம் தீர்மானித்த பதிப்பை) வாங்கி, படித்து, அதை வைத்து ஒருவர் எழுதி வெளியிடவே அதற்கு மேல் ஆகும். அறிவியலிலும் இது முழுக்கச் சரியில்லை: மெண்டலின் பட்டாணி ஆய்வு 1866-இல் அச்சாகி, 1900-இல்தான் கவனம் பெற்றது.

2. வடிவம். இலக்கிய ஆய்வின் முக்கிய விளைபொருள் நூல். மேற்கோள் தரவுத்தளங்கள் இதழ்க் கட்டுரைகளை வைத்தே வளர்ந்தவை. நூலுக்குள் இருக்கும் அடிக்குறிப்பு அவற்றின் கண்ணில் அரைகுறையாகத்தான் படும். ஆங்கிலம் அல்லாத மொழி என்றால் இன்னும் மோசம்.

3. கைகளின் எண்ணிக்கை. 2015-இல் ஹிக்ஸ் துகளின் நிறை பற்றி வந்த ஒரு கட்டுரைக்கு ஆசிரியர்கள் 5,154 பேர். 33 பக்கத்தில் 24 பக்கம் பெயர்ப் பட்டியல். இலக்கியக் கட்டுரைக்குப் பெரும்பாலும் ஒரே ஆசிரியர். ஒரு கட்டுரை வெளியானால் அங்கே ஐயாயிரம் பேர் கணக்கில் ஒன்று ஏறும், இங்கே ஒருவர் கணக்கில் ஏறும்.

அந்த எண்ணைக் கணக்கிடும் நிறுவனமே 2023 வரை தன் கலை, இலக்கிய அட்டவணைக்கு இம்பாக்ட் ஃபேக்டர் கொடுக்காமல்தான் இருந்தது. இப்போது கொடுக்கிறது. இது முன்னேற்றம் என்று நான் நினைக்கவில்லை.

விளைவுகள்

எண்ணுக்குப் பணம் உண்டு என்று ஆனதும் எண் தயாரிக்கும் தொழில் வந்துவிட்டது. காசு வாங்கிக்கொண்டு போலிக் கட்டுரை எழுதி, ஆசிரியர் இடத்தை விற்கும் 'பேப்பர் மில்'கள் இயங்குகின்றன. 2023-இல் மட்டும் உலக அளவில் 10,000-க்கு மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. பெரும்பகுதி ஹிந்தாவி என்ற ஒரே பதிப்பகத்தின் இதழ்களில் வந்தவை. இதைப் படித்துவிட்டு அறிவியலே பொய் என்று சொல்வது அவசரம். அந்தக் கட்டுரைகள் யாரையும் எதையும் நம்பவைக்க எழுதப்படவில்லை, எண்ணிக்கையைக் கூட்ட எழுதப்பட்டவை.

இலக்கியப் பக்கம் சேதம் வேறு மாதிரி, அதனால் செய்தியாவதும் இல்லை. பத்தாண்டு எடுக்கும் பதிப்புப் பணிக்கு இளம் ஆய்வாளர் வரத் தயங்குகிறார். ஒரு நூலாக வரவேண்டியது ஆறு கட்டுரைகளாக உடைகிறது. சுவடி படிக்கக் கற்பதற்கான ஆண்டுகள் எந்தப் படிவத்திலும் மதிப்பெண் ஆவதில்லை.

மாற்று முயற்சிகள் இல்லாமல் இல்லை. இதழின் இம்பாக்ட் ஃபேக்டரை வைத்துத் தனிக் கட்டுரையையோ ஆளையோ எடைபோடக் கூடாது என்ற சான்ஃபிரான்சிஸ்கோ பிரகடனம் 2013-இல் வெளியானது. அதற்கும் முன்பே, 2010-இல், ஜெர்மனியின் ஆய்வு நிதி அமைப்பு ஒரு விதி கொண்டுவந்தது: விண்ணப்பதாரர் தன் குறிப்பில் அதிகபட்சம் ஐந்து வெளியீடுகளை மட்டுமே காட்டலாம் என்பது அப்போதைய வரம்பு. ஐந்து என்றால் மதிப்பிடுபவர் அவற்றைப் படித்துப் பார்க்க முடியும் என்பது எண்ணம்.

படிப்பதற்கு ஆள் வேண்டும் என்பதுதான் மிச்சமிருக்கும் நடைமுறைச் சிக்கல். புற்றுநோய் உயிரியலில் ஒரு கட்டுரையை மதிப்பிடத் தகுதியானவர்கள் உலகம் முழுக்க ஏராளம். ஒரு பழந்தமிழ் உரையின் செம்பதிப்பைச் சுவடியோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கக்கூடியவர்கள் மிகச் சிலர். அவர்கள் ஒருவரை ஒருவர் அறிவார்கள். பெயரை மறைத்து அனுப்பினாலும் முதல் பக்கத்திலேயே யார் எழுதியது என்று தெரிந்துவிடும்.